மூன்றாம் கட்டத்தில் எழுதப்பட்டவள்

ஆஸ்பத்திரிப் பெண்கள் நினைவு மலர் ஒன்று போடுகிறார்களாம். யுத்த காலத்தில் பர்மாவிலிருந்து நடந்து வந்த அகதிகளுக்கு நாங்கள் செய்த மருத்துவ சேவையைப் பற்றி நான் எழுதித் தர வேண்டுமாம். கேட்க வந்த இரண்டு பேரும் நல்ல பெண்கள்தான். மடிப்புக் கலையாத வெள்ளை உடுப்பு, கையில் நோட்டு. "உங்க தியாகத்தப் பத்தி நாலு பக்கம் எழுதிக் குடுங்கம்மா" என்றாள் ஒருத்தி. யாருடைய தியாகம் என்று கேட்டேன். விழித்தாள். நான் பார்த்த அந்த நிவாரணத்தில் எதையாவது கொடுத்தவர்கள் என்றால் நோயாளிகள்தான். உயிரைக் கொடுத்தார்கள். மற்றவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம்.

நான் தொழில் கற்ற கதையில் சொல்ல அதிகம் இல்லை. புதுச்சேரியில் கன்னியாஸ்திரிகளிடம் மூன்று வருஷம் படுக்கை விரிக்கவும் வாயை மூடிக்கொண்டிருக்கவும் படித்தேன். இரண்டாவது பாடத்தை அவர்கள் மிக நன்றாக நடத்தினார்கள். பிறகு வில்லியனூரில் பிரசவம் பார்த்தேன். அங்கிருந்து பாகூர் கொம்யூனில் ஒரு சின்ன மருந்தகத்துக்கு மாற்றினார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். நான் சொல்லப்போகிறவர்களின் பேரன்மார் அங்கே இன்னும் இருக்கிறார்கள்.

அந்தக் காலத்து பாகூர்ப் பக்கம் எப்படி என்று இப்போதைய பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும். ஒரு ஊர் பிரெஞ்சுக்காரன் ஊர். வாய்க்காலைத் தாண்டினால் இங்கிலீஷ்காரன் ஊர். அதற்கு அடுத்த வயல் மறுபடி பிரெஞ்சு. நெல்லுக்கும் கரும்புக்கும் வித்தியாசம் தெரியாது, மாட்டுக்கும் தெரியாது. கொசுவும் காலராவும் எந்த அரசாங்கத்தைக் கேட்டும் பறந்ததில்லை. மனுஷனுக்கு மட்டும்தான் இடுப்பளவு உயரத்தில் ஒரு கல் நட்டு, இதற்கு இந்தப் பக்கம் நீ ஒருத்தன், அந்தப் பக்கம் நீ வேறொருத்தன் என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு நம் ஜனங்கள் மலையிலும் காட்டிலும் நடந்து வந்து சேர்ந்தார்கள். மெட்ராஸ் வழியாகக் கடலூர் வரை ரயில், அங்கிருந்து நடை. எங்கள் ஊருக்கு வந்தவர்களை ஏரிக்கரையில் வெல்லம் காய்ச்சும் கொட்டகை ஒன்றில் தங்க வைத்தார்கள். பெரிய இரும்புக் கொப்பரைகளை ஒரு ஓரமாகக் கவிழ்த்து வைத்து, கரும்புச் சக்கையின் மேல் பாய் போட்டோம். நான் போன முதல் நாள் அத்தனை பேர் காலிலும் புண். உள்ளங்காலில் தோலே இல்லாதவர்கள் இருந்தார்கள். பாதிப் பேருக்கு மலைக்காய்ச்சல். ஆனால் யாரும் முனகவில்லை. முனகுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

உதவி வந்தது. வராமலா இருக்கும்! நிவாரணத்துக்கென்று ஒரு கமிட்டி இருந்தது. பட்டணத்துச் சீமாட்டிகள் முதலில் அனுப்பியது ஒரு வண்டி கம்பளிச் சட்டை. போர்முனைச் சிப்பாய்களுக்கென்று பின்னியது, கப்பல் போகாததால் மிஞ்சிவிட்டது. சித்திரை வெயிலில், ஓட்டுக் கொட்டகையில், காய்ச்சல்காரர்களுக்குக் கம்பளிச் சட்டை. நான் அதைப் பிரித்து நூலாக்கி, புண்ணுக்குப் போட்ட துணியைச் சுற்றிக் கட்டப் பயன்படுத்தினேன். விஷயம் தெரிந்து கமிட்டியில் ஒருவர் கோபித்துக்கொண்டார். படம் எடுக்க ஆள் வரும்போது யாராவது நாலு பேர் அதைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டுமாம்.

கமிட்டியில் எங்கள் ஊர்ப் பெரிய பண்ணைக்காரர் வேங்கடபதியும் உண்டு. அவர் வீட்டுக் கஞ்சிதான் கொட்டகைக்கு வந்தது. கஞ்சி நல்ல கஞ்சி. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஊற்றும்போது அவர் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். வாங்குகிறவன் அவரைப் பார்த்துக் கும்பிட்ட பிறகுதான் அகப்பை சாயும்.

இனி டாக்டர். அவர் சைகோனில் பல வருஷம் இருந்துவிட்டு வந்த நம்மூர்க்காரர். வாரத்துக்கு இரண்டு தடவை குதிரை வண்டியில் வருவார். பெட்ரோல் கிடைக்காத காலம். வண்டியை விட்டு இறங்கியதும் சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துத் திறப்பார். நாடி பார்க்கத் திறப்பது நியாயம். அவர் பதில் சொல்லவும் திறப்பார். நாம் கேட்பதை முழுக்கக் கேட்டு, முள்ளைப் பார்த்துக்கொண்டே யோசித்து, டப்பென்று மூடிவிட்டுத்தான் வாயைத் திறப்பார். நோயாளியோடு நேராகப் பேச மாட்டார். "எத்தனை தடவை போச்சுன்னு கேளு, மத்மசேல்" என்பார் என்னிடம், அந்த ஆள் அவர் முழங்காலுக்குக் கீழேயே தமிழனாய்ப் படுத்திருப்பான். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரே கேள்வி: "ஆன் ரேகில்?" எல்லாம் சட்டப்படி சரியாக இருக்கிறதா என்று அர்த்தம்.

சட்டப்படி என்றால் ஒரு ரெஜிஸ்தர். அதில் மூன்று கட்டம். பிரெஞ்சுப் பிரஜை, கையில் காகிதம் இருக்கிறது என்றால் முதல் கட்டம். அவனுக்குப் பாய், கஞ்சி, மருந்து மூன்றும் உண்டு. பிரெஞ்சுப் பிரஜை, ஆனால் காகிதம் வழியில் போய்விட்டது என்றால் இரண்டாம் கட்டம். பிரெஞ்சு ஊர்க்காரர் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அவனுக்கும் எல்லாம் உண்டு. மற்றவனெல்லாம் மூன்றாம் கட்டம். அவனைக் கல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பக்கம் விட்டுவிட்டு வர வேண்டும். எழுதுகிற வேலையும் கூட்டிக்கொண்டு போகிற வேலையும் எனக்கு.

ஒரே நியாயத்தை மட்டும் டாக்டருக்குச் செய்துவிடுகிறேன். அவர் கையைப் போல ஒரு கையை நான் பிறகு பார்க்கவில்லை. ரத்தம் வற்றிப்போன உடம்பிலும் கண்ணை மூடிக்கொண்டு நரம்பைப் பிடிப்பார். அந்தக் கைக்கும் அந்த வாய்க்கும் ஒரே ஆள் சொந்தக்காரன் என்பதைத்தான் என்னால் கடைசிவரை ஜீரணிக்க முடியவில்லை.

ஒரு நாள் காலை கொட்டகைக்கு ஒரு பர்மாக்காரி வந்தாள். இடுப்பில் நாலு வயசுப் பெண் குழந்தை. லுங்கி கிழிந்து, ஒரு காலில் மட்டும் செருப்பு. பெயர் கேட்டேன். "மா ஏ" என்றாள். மாயி என்று எழுதிக்கொண்டேன். அவள் தமிழ் பேசினாள். அதுவும் எங்கள் பக்கத்துத் தமிழ். புருஷன் வாயிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டது.

"எம் புருஷன் இந்த வூருதாம்மா. சுப்பராயன். பர்மாவுல பெகு டவுனு அரிசி மில்லுல இருந்தாரு. வழியில காய்ச்சல்ல பூட்டாரு."

"காகிதம்?"

"ஆத்தக் கடக்கும்போது மூட்டையே பூடுச்சு."

டாக்டர் இருந்தார். நாற்காலியில் வேங்கடபதியும் இருந்தார். சுப்பராயன் என்ற பெயரைக் கேட்டதும் கஞ்சி ஊற்றுகிறவன் அகப்பையை நிறுத்திவிட்டு வேங்கடபதியைப் பார்த்தான். ஊரே அறிந்த விஷயம்: வேங்கடபதியின் அண்ணன்தான் சுப்பராயன். பங்குச் சண்டையில் ரங்கூனுக்குக் கப்பல் ஏறினவன்.

"எங்கண்ணனுக்குக் கல்யாணமே ஆவல" என்றார் வேங்கடபதி டாக்டரிடம். "இதுங்க நாலு வூட்டுப் பேரக் கேட்டு வச்சிக்கினு வரும் முசே."

அவள் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். கோபம்கூட இல்லை. தேடி வந்த வீட்டு எண்ணைச் சரிபார்ப்பதுபோல ஒரு பார்வை.

"நீதானா வேங்கடபதி? உன்னச் சின்ன வயசுல மாடு முட்டி எடது காது கிழிஞ்சுதாமே. அவருதான் உன்னத் தூக்கிக்கினு வைத்தியரு வூட்டுக்கு ஓடினாராம். இதோ, இவ பேரு அஞ்சலை. உங்கம்மா பேருதான்."

வேங்கடபதியின் கை தலைப்பாகைக்குப் போயிற்று. இடது காதை மறைத்து அதை ஒரு விரல் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். கொட்டகையில் அதைப் பார்க்காதவர் இல்லை. டாக்டரும் பார்த்தார்.

கடிகாரத்தைத் திறந்தார். மூடினார்.

"காது சாட்சி ஆவாது. பிரெஞ்சு ஊர்க்காரங்க ரெண்டு பேர் கையெழுத்துப் போடுவாங்களா, கேளு."

கேட்டேன். கஞ்சிக்காரன் அடுப்பைப் பார்த்தான். வாசலில் நின்ற நாலைந்து பேர் ஏரியைப் பார்த்தார்கள். எல்லாரும் வேங்கடபதியின் நிலத்தில் பாடுபடுகிறவர்கள்.

"அப்ப மூணாவது. கூட்டிக்கினு போ, மத்மசேல்."

இந்த இடத்தை மலர்க்காரப் பெண்கள் விட்டுவிடாமல் அச்சடிக்க வேண்டும். நான் கூட்டிக்கொண்டு போனேன். என்னை யாரும் மிரட்டவில்லை. வேலை போய்விடும் என்றுகூட யாரும் சொல்லவில்லை. அவள் வந்த நேரத்திலிருந்து மூன்று தடவை கொட்டகைக்குப் பின்னால் ஓடிவிட்டு வந்ததை நான் பார்த்திருந்தேன். மூன்றாம் தடவை திரும்பியபோது அவள் கண் உள்ளே போயிருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாத கற்றுக்குட்டி இல்லை நான். தெரிந்தே, குழந்தையை நான் தூக்கிக்கொண்டு, கரும்புத் தோட்டத்து வரப்பில் அவளை நடத்திக்கொண்டு போய், கல்லுக்கு அந்தப் பக்கம் புளியமரத்து நிழலில் உட்கார வைத்துவிட்டு, "உள்ள போனா கடை இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். நடந்து வரும்போது கையைக் கழுவ வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை காதர் பாய் கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டார். எல்லையில் உப்பும் மண்ணெண்ணெயும் விற்கிற சின்னக் கடைக்காரர். இங்கிலீஷ் பிரஜை.

"நர்சம்மா! நேத்து நீங்க உக்கார வச்சிட்டுப் போனீங்களே, அது கெடக்குது. வயித்தாலயும் வாயாலயும் ஓயாம போவுது. அரிசிக் கஞ்சித் தண்ணியில உப்பு போட்டுக் குடுத்துக்கினே இருக்கேன். இப்ப அதுவும் நிக்க மாட்டேங்குது. கொழந்த என் வூட்ல இருக்கு, அதுக்கு ஒண்ணும் இல்ல."

"பாய், நீங்க தொட்டீங்களா? இது காலரா."

"தொடாம எப்பிடிம்மா குடுக்கறது?"

அவருக்குக் கற்றுக்கொடுக்கக் கன்னியாஸ்திரிகள் இல்லை. அதனால் கெட்டுப்போகவில்லை.

மருந்தகத்துக்கு ஓடினேன். சலைன் ஏற்றுவது அப்போது இன்றைக்குப் போல உறை பிரித்து மாட்டுகிற வேலை இல்லை. வடித்த தண்ணீரில் உப்பை நிறுத்துப் போட்டுக் கொதிக்க வைத்து, பஞ்சிலும் துணியிலும் இரண்டு முறை வடிகட்ட வேண்டும். கண்ணாடிக் குடுவை, சிவப்பு ரப்பர்க் குழாய், வெள்ளிக் குழல், கத்தி, நூல் எல்லாம் தனியாகக் கொதிக்க வேண்டும். பிறகு குடுவையைக் கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கன்னம் சுட்டாலும் ஆகாது, குளிர்ந்தாலும் ஆகாது. கடைசியாகக் குழாயில் ஒரு குமிழிகூட நிற்காமல் தண்ணீரை ஓடவிட்டுக் கிடுக்கி போட வேண்டும். இத்தனையையும் அவசரப்படாமல் செய்தேன். அவசரப்பட்டால் கொன்றுவிடுவோம். குடுவையை வேட்டித் துணியில் சுற்றிக்கொண்டு கல்லைத் தாண்டினேன். அந்த மருந்து பிரெஞ்சு அரசாங்கத்து மருந்து; எல்லை தாண்டக் கூடாது என்று என்னிடம் எழுத்திலேயே இருந்தது.

அவள் புளியமரத்தடியிலேயே ஒரு பாயில் கிடந்தாள். கன்னம் ஒட்டி, விரல் நுனியெல்லாம் நாலு நாழிகை துணி துவைத்தவள் கைபோலச் சுருங்கி, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் கிள்ளியபடியே நின்றது. மணிக்கட்டில் நாடி இல்லை. புளியங்கிளையில் குடுவையைத் தொங்கவிட்டேன். முழங்கையில் ஊசி குத்தினேன். இல்லை. மறு கையில் குத்தினேன். இல்லை. நரம்பெல்லாம் நூலாகிவிட்டது. கணுக்காலில் வெட்டித் திறந்துதான் பிடிக்க வேண்டும். அதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேனே தவிரச் செய்ததில்லை. கத்தியை எடுத்தேன். 

அந்த நேரம், அந்த வாரத்து இரண்டாம் தடவையாக, டாக்டரின் வண்டி கரைமேல் வந்தது. கல்லருகில் நின்றது. இறங்கினார். கல்லுக்கு அவர் பக்கத்தில் பூட்ஸைச் சேர்த்து வைத்துக்கொண்டு நின்று என்னைப் பார்த்தார். கடிகாரத்தைத் திறந்தார்.

"நரம்பு கெடைக்கல, முசே."

நான் தோலில் கத்தியை வைத்தேன்.

"அங்க இல்ல. எலும்புக்கு முன்னால. குறுக்க வெட்டு, நெடுக்க இல்ல."

வெட்டினேன். தவறான இடம். டப்பென்று கடிகாரம் மூடிய சத்தம் கேட்டது. அவள் சாவதை அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு வேலை கண்ணெதிரில் அசிங்கமாக நடப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை.

"பாயைத் திருப்பு. காலை இந்தப் பக்கம் கொண்டா."

காதர் பாயும் டாக்டரின் வண்டிக்காரன் கோவிந்தனும் பாயைப் பிடித்து இழுத்தார்கள். தலை புளியமரத்துப் பக்கம். முழங்காலுக்குக் கீழே கல்லைத் தாண்டி பிரெஞ்சு மண்ணில். கிளை நீளமானது, குழாய் எட்டியது.

"முழுசா இழுத்துடலாமே முசே?" என்றேன்.

"முழுசா வந்தா மூணாம் கட்டத்து ஆள் திரும்பி வந்ததா ஃபாரம் எழுதணும். காலுக்கு ஃபாரம் இல்ல."

இதைச் சிரிக்காமல் சொன்னார். சொல்லிக்கொண்டே வரப்பு மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்தார். அவர் தரையில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். உள்கணுக்கால் எலும்புக்கு முன்னால் குறுக்காக ஒரே கீறல். சாமணத்தால் சதையை விலக்கி, சாம்பல் நிறத்தில் புழுப்போல ஒன்றைத் தூக்கி, அதன் அடியில் இரண்டு நூலை விட்டார். கீழ் நூலைக் கட்டினார். மேலே நுனிக் கத்திரியால் கால் நெல்லளவு வெட்டு. வெள்ளிக் குழல் நழுவி உள்ளே போயிற்று. மேல் நூலைக் கட்டினார். "விடு" என்றார். நான் கிடுக்கியைத் தளர்த்தினேன். நான் நாலு தடவை மூச்சு விடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு வண்டியேறிக் கொட்டகைக்குப் போய்விட்டார்.

முதல் குடுவை பாதி இறங்கும்போது உதடு நிறம் மாறியது. இரண்டாவது குடுவையில் மணிக்கட்டில் நாடி வந்தது, ஈ ஊர்வது மாதிரி. உச்சி வெயில் சாய்ந்தபோது அவளுக்குச் சிறுநீர் போயிற்று. காலராக்காரர்களைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அது என்ன நல்ல செய்தி என்று. நானும் காதர் பாயும் பாயைப் பிடித்து மீதி உடம்பையும் கல்லுக்கு இந்தப் பக்கம் இழுத்தோம்.

அன்றைக்கே ரெஜிஸ்தரில் மூன்றாம் கட்டத்தை அடித்தேன். இரண்டாம் கட்டத்தில் எழுதினேன்: காலஞ்சென்ற சுப்பராயன் மனைவி மாயி, மகள் அஞ்சலை. காதர் பாயின் கையெழுத்து இங்கிலீஷ் கையெழுத்து, செல்லாது. வண்டிக்காரன் கோவிந்தன் கைநாட்டு வைத்தான். அவனுக்கு வேங்கடபதியிடம் நிலமும் இல்லை, பயமும் இல்லை. இரண்டாம் சாட்சியாக நான் போட்டேன்.

டாக்டர் அடுத்த முறை வந்து அடித்த வரியில் விரலை வைத்தார்.

"நீ சாட்சியா? இவ கல்யாணத்தப் பாத்தியா?"

"இல்ல முசே. காதப் பாத்தேன்."

கடிகாரம் திறந்தது. வெகுநேரம் மூடவில்லை. பிறகு கையெழுத்துப் போட்டார். "ஆன் ரேகில்" என்றார். எனக்கு அவர்மேல் மதிப்பு வந்துவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இதே கையெழுத்தை அவள் வந்த அன்றைக்கே போட்டிருந்தால் அவள் கால் வெட்டுப்பட்டிருக்காது.

ஊர் பேச ஆரம்பித்தது. பண்ணைக்காரர் அண்ணன் பெண்டாட்டி கொட்டகையில் கிடக்கிறாளாம், பிள்ளைக்கு அவர் அம்மா பேராம், பண்ணைக்காரர் துரத்தினாராம். வேங்கடபதி ஒரு நாள் புது வில்வண்டி கட்டிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"கொழந்தய அனுப்பு. எங்க ரத்தம் எங்க வூட்ல வளரட்டும். நீயும் தோட்டத்துப் பக்கம் ஒரு குடிசையில இருந்துக்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

மாயி எழுந்து உட்காரவே தெம்பில்லாதவள். எழுந்து நின்றாள்.

"இன்னா சொன்ன நீ அன்னிக்கி? கல்யாணமே ஆவலன்னு சொன்ன. கல்யாணம் ஆவாதவனுக்குக் கொழந்த எங்கேருந்து வந்துச்சு? எனுக்கு உன் வூடு வேணாம். இவ அப்பன் பேரு இவளுக்கு வேணும், அது கெடச்சிடுச்சு. நீ போ."

கஞ்சிக்காரன் அடுப்புக்குப் பின்னால் போய்ச் சிரித்தான். வில்வண்டி காலியாகத் திரும்பியது. மறுநாளிலிருந்து கஞ்சி தண்ணீராக வந்தது என்பதையும் எழுதி வைக்கிறேன்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன் கொட்டகையை மூடினார்கள். கமிட்டிக்காரர்கள் ஒருவருக்கொருவர் மாலை போட்டுக்கொண்டார்கள். டாக்டர் பேசினார், வேங்கடபதி பேசினார். மாயி மெதுவாக நொண்டுவாள். வெட்டின இடம் சீழ் பிடித்து ஆற நாளாயிற்று. தவளக்குப்பத்தில் காதர் பாயின் தங்கை வீட்டில் தையல் வேலைக்கு அவளை ஏற்பாடு செய்திருந்தார் பாய். அவரே மாட்டு வண்டியோடு வந்திருந்தார்.

ரெஜிஸ்தரிலிருந்து அவள் வரியை நகல் எடுத்து முத்திரையிட்டு வைத்திருந்தேன். கொடுத்தேன். வாங்கி, நாலாய் மடித்து, லுங்கி மடிப்பில் செருகினாள். பிறகு அஞ்சலையைக் கீழே இறக்கி பர்மா மொழியில் ஏதோ சொன்னாள். குழந்தை இரண்டு முட்டியையும் தரையில் வைத்து, கையைக் கூப்பி, நெற்றி மண்ணில் படக் குனிந்தது. காதர் பாயைப் பார்த்து. ஒரு தடவை, இரண்டு, மூன்று தடவை.

"எழுந்திரு கண்ணு, இதெல்லாம் ஆண்டவனுக்குச் செய்யறது" என்று பாய் பதறிப்போய்க் குழந்தையைத் தூக்கினார். டாக்டர் பக்கம் அவள் திரும்பவில்லை. என் பக்கம் திரும்பினாள். குழந்தையைக் குனியச் சொல்லவில்லை.

"அன்னிக்கி என்னிய அந்த மரத்தாண்ட உட்டுட்டு வந்தியே. எனுக்கு வயித்தால போவறது அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

"எனுக்கும் தெரியும், உனக்குத் தெரியும்னு."

அவள் வண்டிப் பக்கம் நொண்டி நடந்தாள். பாய் கை கொடுத்து வண்டியில் ஏற்றினார். வண்டி ஏரிக்கரையைத் தாண்டி மறைகிறவரை நின்றேன். பிறகு கொட்டகைக்குள் போய், நோயாளிகள் படுத்த பாய்களை எரிக்கச் சொல்லிவிட்டு, சுவருக்குச் சுண்ணாம்பு கரைத்தேன்.